யாரும் சாகவில்லையே, பிறகு எதற்கு எத்திக்ஸ் கமிட்டி?

வாசகர் கேள்வி: 20 அக்டோபர் 2024

டீச்சர், ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை செய்த உளவியலாளர் ஜிம்பார்டோ இறந்த செய்தி வந்ததிலிருந்து ஆளாளுக்கு அவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். கூடவே, சொன்னால் ஒருவர் இன்னொருவருக்கு ஷாக் கொடுப்பாரா என்று சோதித்த மில்கிராமையும் இழுக்கிறார்கள். மில்கிராம் சோதனையில் யாருக்கும் நிஜமாக ஷாக் அடிக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் யாரும் சாகவில்லை. மில்கிராமிடம் போய்வந்தவர்களே சந்தோஷம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே பிஎச்.டி. செய்யும் என் நண்பன் நூறு பேரிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பதற்கு நான்கு மாதமாக, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி வாசலில் நிற்கிறான். கமிட்டி வந்த பிறகு உளவியலில் உருப்படியாக ஒரு சோதனையாவது வந்திருக்கிறதா? நீங்களும் ஒரு கமிட்டியில் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

20 அக்டோபர், இரவு

கோபம் ஒன்றும் இல்லை. நான் அங்கே சைக்காலஜி தெரிந்தவளாக உட்காரவில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழிகாட்டுதல்படி துறை சாராத, வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். ரிடையர்ட் டீச்சர், ஆய்வில் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் தமிழ்ச் சம்மதப் படிவத்தைப் படித்துப் புரிகிறதா இல்லையா என்று சொல்வாள் என்று கூப்பிட்டார்கள். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பார்கள்.

"யாரும் சாகவில்லை" என்பது இன்று உங்களுக்குத் தெரியும். மில்கிராமுக்கு அன்றே தெரியும். ஷாக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன ஆளுக்குத் தெரியுமா? ஒருவர் அதன் பிறகு இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்புப் பகுதியைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார், தன்னால் அந்த மனிதர் செத்திருப்பாரோ என்று. பெயர் வரவில்லை என்று நிம்மதி. பின்னால் மில்கிராம் அனுப்பிய கேள்வித்தாளில் அவரே எழுதியது இது.

மீதி நாளை. கண் எரிகிறது.

21 அக்டோபர்

சோதனையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாக.

1961, அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரம், யேல் பல்கலைக்கழகம். நினைவாற்றல் ஆய்வுக்கு ஆள் தேவை, ஒரு மணி நேர வேலை, 4 டாலர், பஸ் காசு 50 சென்ட் என்று விளம்பரம். தபால் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், எஞ்சினியர், கூலித் தொழிலாளி என்று கலந்துகட்டி வந்தார்கள். வந்தவருக்கு "ஆசிரியர்" வேலை. இன்னொருவர் "மாணவர்", அவர் ஏற்கெனவே பேசி வைத்த ஆள், 47 வயதுக் கணக்கர். பக்கத்து அறையில் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, கையில் மின்கம்பியைப் பொருத்துவதை இவர் கண்ணெதிரே பார்ப்பார். சும்மா காட்டுவதற்கு 45 வோல்ட் இவருக்கும் ஒரு தடவை அடிக்கும். அது ஒன்றுதான் நிஜ ஷாக்.

பெட்டியில் 30 ஸ்விட்ச். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வரை. மாணவர் தப்பாகச் சொன்னால் அடுத்த ஸ்விட்ச். பின்னால் வந்த ஒரு வடிவத்தில் 150 வோல்ட்டில் அந்தப் பக்கத்திலிருந்து "என்னை வெளியே விடுங்கள், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது" என்று டேப்பில் சத்தம் வரும். 330-க்கு மேல் சத்தமே இருக்காது.

இவர் தயங்கித் திரும்பிப் பார்த்தால், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் நான்கு வாக்கியம் வைத்திருந்தார். தொடருங்கள். சோதனைக்கு நீங்கள் தொடர்வது தேவை. நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம். கடைசியாக: உங்களுக்கு வேறு வழி இல்லை, தொடர்ந்தே ஆகவேண்டும். கோட்டுப் போட்டவர் நிஜத்தில் யார் தெரியுமா? 31 வயது உயர்நிலைப்பள்ளி உயிரியல் வாத்தியார். நம் தொழில்காரர். அந்தக் குரலைத் தேடிப் பிடித்த மில்கிராமைப் பாராட்டத்தான் வேண்டும். வகுப்பில் "ம், எழுது" என்றால் எதற்கு என்று கேட்காமல் நாற்பது பேரும் நோட்டைத் திறக்கும் குரல் அது.

1963-இல் வந்த முதல் கட்டுரையில் 40 பேர், அதில் 26 பேர் 450 வரை போனார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதே கட்டுரையில், 14 பேருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது, மூன்று பேருக்கு வலிப்பு மாதிரி வந்தது, அதில் 46 வயது கலைக்களஞ்சிய விற்பனையாளர் ஒருவருக்கு அது முற்றிப்போய்ச் சோதனையையே நிறுத்தவேண்டி வந்தது என்றும் இருக்கிறது. இதைச் சாட்சிக்கூண்டில் ஏறி யாரும் சொல்லவில்லை, ஆய்வாளரே தன் பெருமைக்கு எழுதிவைத்தது. பார்த்தீர்களா, எவ்வளவு தத்ரூபமாக அமைந்தது என்று.

வந்தவுடன் அவர்களுக்குச் சொன்ன ஒரு விஷயத்தையும் கவனியுங்கள்: இங்கே வந்ததற்கே இந்தக் காசு உங்களுடையது, இனி என்ன நடந்தாலும் சரி. அதாவது எழுந்து போகலாம். அரைமணி கழித்து அதே வாயால் "வேறு வழி இல்லை".

21 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

84 சதவீதம் பேர் சந்தோஷம் என்றார்களே என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். உண்மை. பங்கேற்றதில் மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி இரண்டும் சேர்த்து 84. வருத்தம் என்றவர்கள் 1.3. ஆனால் அந்தக் கேள்வித்தாள் எப்போது போனது? சோதனை எல்லாம் முடிந்த பிறகு 1962 கோடையில், "இதுதான் நடந்தது, உங்களால் அறிவியலுக்கு இவ்வளவு பயன்" என்ற அறிக்கையோடு சேர்ந்து போனது.

ஜினா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் யேலில் இருக்கும் ஒலிநாடாக்களையும் காகிதங்களையும் உட்கார்ந்து கேட்டு, படித்து, 2012 வாக்கில் எழுதினார். மொத்தம் 780 பேரில் ஏறக்குறைய 600 பேர் முழு உண்மை தெரியாமலேயே அன்று கதவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. பலருக்குச் சொன்னது, ஷாக் நீங்கள் நினைத்த அளவுக்குப் பலமானது இல்லை என்பது மட்டும். காரணம் எளிது: சின்ன ஊர், உண்மையைச் சொன்னால் மறுநாளே ஊரெல்லாம் பரவிவிடும், அடுத்து வருகிறவர்கள் நடிப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆய்வைக் காப்பாற்ற ஆளைக் கலங்கலோடு அனுப்பினார்கள்.

என் சண்டை முழுக்க இந்த இடத்தில்தான். உள்ளே நடந்த பொய்யைக்கூட ஒருவகையில் விட்டுவிடுவேன். என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்பினாய்?

22 அக்டோபர்

மில்கிராமை வில்லனாக்குகிறேன் என்று ஒரு தம்பி. இல்லை. 1970-இல், வியட்நாம் போர் நேரத்தில், அந்தச் சோதனையில் கலந்துகொண்ட ஓர் இளைஞர் அவருக்குக் கடிதம் எழுதினார். அன்று உங்கள் ஆய்வகத்தில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதால் இன்று ராணுவத்தில் சேர மறுக்கிறேன், சிறைக்கும் தயார் என்று. இதுவும் கணக்கில் வரவேண்டும். டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் முதல் கண்டனம் எழுதியபோது மில்கிராம் சொன்ன பதிலும் படிக்கவேண்டியதே.

ஆனால் அந்த இளைஞருக்கு நன்மை வந்தது என்பதற்காக மரண அறிவிப்பைத் தேடியவர் பட்ட கலக்கம் இல்லை என்று ஆகுமா? இரண்டு பேரும் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். சராசரி போட்டுக் காட்டினால் இரண்டாமவர் காணாமல் போய்விடுகிறார்.

23 அக்டோபர்

சொந்தக் கதை ஒன்று.

கல்லூரி ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரி சைக்காலஜி. பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டுக்கு "சப்ஜெக்ட்" வேண்டும். யார் இளிச்சவாய்? நான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையவேண்டும், நம் கை நமக்குத் தெரியாதபடி மரத்தட்டு மறைத்திருக்கும். பென்சில் நாம் நினைத்த பக்கம் போகவே போகாது. கோடு தாண்டினால் அவள் டிக் போடுவாள். அது வேடிக்கை, இருவரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் ஐசெங்க் கேள்வித்தாள், ஒருவரின் சுபாவத்தை அளப்பது. அதில் நியூராட்டிசம் என்றால் சட்டென்று கலங்கும் சுபாவம். ஆமாம், இல்லை என்று சரமாரியாகக் கேள்வி. காரணம் இல்லாமல் சோர்வாக இருக்குமா, சின்ன விஷயத்துக்கும் மனசு புண்படுமா. தோழி கேட்கிறாளே என்று உள்ளது உள்ளபடி டிக் அடித்தேன். இரவு மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது அவள் சத்தமாக, "ஏய், நம்ம இவளுக்கு நியூராட்டிசம் ஸ்கோர் எவ்வளவு தெரியுமா" என்றாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து என் பெயர் "நியூரா". கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுகூட ஒருத்தி, "வா நியூரா" என்றாள், என் மாமியார் பக்கத்தில் நிற்க.

பிராக்டிகல் தேர்வில் அவளுக்கு நல்ல மார்க். ரெக்கார்டில் "சப்ஜெக்ட்டின் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று ஒரு வரி. எழுதும் முன் என்னிடம் கேட்கவில்லை. இன்றைக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் கண் முதலில் போவது பெயர் கேட்கும் கட்டத்துக்கு. "பெயர் எதற்கு?" என்பது கமிட்டியில் என் தேசிய கீதம் என்று மெம்பர் செக்ரட்டரி கிண்டல் செய்வார்.

24 அக்டோபர்

இப்போது ஜிம்பார்டோ. 1971 ஆகஸ்ட், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் துறைக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு போலிச் சிறை. நாளுக்கு 15 டாலர். மாணவர்களைப் பிரித்துக் கொஞ்சம் பேர் காவலர், கொஞ்சம் பேர் கைதி. இரண்டு வாரத் திட்டம், ஆறே நாளில் நிறுத்தினார்கள். காவலர்களின் கொடுமையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இதில் மறக்கமுடியாதவை இரண்டு.

ஒன்று, பரோல் விசாரணை. கைதிகளைக் கூப்பிட்டு, இதுவரை சம்பாதித்த காசை விட்டுக்கொடுத்தால் வெளியே விடட்டுமா என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் சரி என்றார்கள். காசுக்காகத்தானே வந்தார்கள்? காசே வேண்டாம் என்றால் அந்த நிமிடமே எழுந்து போயிருக்கலாம். "பரிசீலிக்கிறோம், அறைக்குப் போ" என்றதும் எல்லாரும் எழுந்து அறைக்குத் திரும்பிவிட்டார்கள். வெளியேறும் உரிமை இருந்ததா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடட்டும், அந்தப் பையன்கள் தலைக்குள் அது இல்லை. அதற்கு முன்பே, விடச்சொல்லிக் கேட்கப் போன 8612 என்ற எண் கொடுக்கப்பட்ட கைதி, ஜிம்பார்டோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கிருந்து போகமுடியாது என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தான். கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துப் பாருங்கள்: முழுக் காலமும் இருக்கவேண்டும், மருத்துவர் ஏற்கும் உடல்நலக் காரணத்துக்கோ ஜிம்பார்டோ தகுந்தது என்று கருதும் வேறு காரணத்துக்கோ மட்டுமே விடுவிக்கப்படுவேன் என்று இருக்கிறது. ஜிம்பார்டோ யார்? ஆய்வுத் தலைவர். அதே ஆள்தான் சிறைக் கண்காணிப்பாளர் வேடத்திலும். கைதி யாரிடம் போய் அழுவான்?

இரண்டு, தீயணைப்புக் கருவி. இந்தச் சோதனைக்கு ஸ்டான்ஃபோர்டு கமிட்டி அனுமதி இருந்தது! நிலவறை ஆயிற்றே, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டுத் தீயணைப்புக் கருவி வைக்கச் சொன்னார்கள். வைத்தார்கள். இரண்டாம் நாள் கைதிகள் கலகம் செய்தபோது காவலர்கள் அந்தக் கருவியை எடுத்து அவர்கள் மேல் குளிர்ந்த கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சி விரட்டினார்கள்.

24 அக்டோபர், மாலை

"அப்படியானால் கமிட்டியால் பயனில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்" என்று கேட்டவர் துள்ளுகிறார். துள்ளட்டும். எங்கள் கமிட்டியிலும் தீயணைப்புக் கருவி வகைக் கேள்விகள் உண்டு. ஒரு கூட்டத்தில் படிவத்தின் மேல் லோகோ இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் பாதி நேரம் போனது.

27 அக்டோபர்

இரண்டு நாளாக மனசுக்குள் ஓடுவது இது. "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று டிக் போடுகிறோமே, அந்த வரி வேலை செய்கிறதா?

2009-இல் அமெரிக்க உளவியலாளர் ஜெர்ரி பர்கர் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் மில்கிராம் சோதனையை மறுபடி செய்து வெளியிட்டார். எப்படிச் செய்தார் என்பதுதான் விஷயம். முன்பு 150 வோல்ட்டைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் கடைசிவரை போயிருந்தார்கள் என்று பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து, அப்படியானால் 150-லேயே நிறுத்தினால் போதும், அதற்கு மேல் ஒருவரை வதைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார். மாதிரி ஷாக்கையும் 45-லிருந்து 15 ஆக்கினார். மனநிலை தாங்காது என்று தோன்றியவர்களை உளவியல் மருத்துவர்கள் பேசிப் பார்த்து முன்பே கழித்துவிட்டார்கள். கோட்டுப் போட்டு உட்கார்ந்தவரே ஒரு உளவியல் மருத்துவர், கலக்கம் மிஞ்சினால் நிறுத்திவிடுவார். முடிந்த சில நொடிகளுக்குள் உண்மையைச் சொல்லி, "மாணவரை" நேரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கமிட்டி வந்த பிறகு உருப்படியான சோதனை எது என்று கேட்டீர்களே, இதுதான் ஒன்று.

ஆனால் என்னைக் குடைவது வேறு. பங்கேற்றவர்களிடம் மூன்று தடவை, எப்போது வேண்டுமானாலும் போகலாம், 50 டாலர் உங்களுடையதே என்று சொன்னார்கள். அப்படியும் 150-இல் 70 சதவீதம் பேர் அடுத்த ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார்கள். மில்கிராமிடம் அதே இடத்தில் 82.5.

ஆக, சொல்லிவிட்டோம் என்பது போதாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் மரியாதை இருந்தால் எழுந்து போகக் கால் வராது. நம் ஊரில் டாக்டர் முன்னால், கைடு முன்னால், ஹெட்மாஸ்டர் முன்னால் யாருக்கு வரும்?

28 அக்டோபர்

ஹெட்மாஸ்டர் என்றதும் ஞாபகம். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று. வளரிளம் பருவ மன அழுத்தம் பற்றி ஆய்வு என்று ஒருவர் வந்தார். மேலிடத்துக் கடிதம் இருந்தது, எச்.எம். சரி என்றார். பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டு: "ஆட்சேபம் இருந்தால் மட்டும் தெரிவிக்கவும்." எத்தனை பிள்ளைகளின் பையில் அது கசங்கிக் கிடந்ததோ.

கேள்வித்தாளைக் கொடுத்தது யார்? வகுப்பாசிரியர். வாங்கியது யார்? வகுப்பாசிரியர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், எழுதாட்டி இன்டர்னல்ல மார்க் கொறைப்பாங்களா?" என்றாள். இல்லை என்றேன். நம்பாமல்தான் உட்கார்ந்தாள். ஒரு கேள்வி, உன் வீட்டில் யாராவது குடித்துவிட்டு அடிப்பார்களா என்பது. ஜியாமெட்ரி பாக்ஸை நிமிர்த்தி அணைபோல வைத்துக்கொண்டு எழுதினாள். முடித்ததும் தாளை நான்காக மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். ஸ்டாஃப் ரூமில் கட்டுக் கட்டும்போது, மடித்திருந்தால் ஸ்டேப்ளர் பிடிக்காது என்று ஒருவர் அதைப் பிரித்து நீவினார். நீவினால் கண்ணில் படத்தானே செய்யும்.

இன்றைய விதிப்படி 7 வயது முதல் 12 வரை பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் தனியாகச் சம்மதம் கேட்கவேண்டும், பெற்றோர் ஒப்புதலுக்கு மேல். 2017 ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலில் இருக்கிறது. பள்ளிகளுக்கு நான் அதில் சேர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. தாளை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வெறும் தாளை ஒட்டிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. எழுத விருப்பமில்லாத பிள்ளைக்கு எழுந்து நிற்காமலே விலக அதுவே வழி.

29 அக்டோபர்

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசமான ஒன்று. 1939, அமெரிக்காவில் அயோவா மாநிலம், டேவன்போர்ட்டில் ஓர் அனாதை இல்லம். வெண்டல் ஜான்சன் என்ற பேச்சுத்துறைப் பேராசிரியர் வழிகாட்ட, மேரி டியூடர் என்ற மாணவி 22 பிள்ளைகளிடம் சோதனை செய்தார். அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளிடம், உனக்குத் திக்குவாய் வருகிறது, பார்த்துப் பேசு, சரியாக வராவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். பிள்ளைகள் பேசவே கூச ஆரம்பித்தன. டியூடருக்கே மனசு கேட்காமல் பிறகு மூன்று தடவை போய், அதெல்லாம் உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பல்கலைக்கழகம் யாரையும் அனுப்பவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருந்தோம் என்பது 2001-இல் பத்திரிகைச் செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. அறுபது வருஷம். தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, 2007-இல் மாநிலம் 9,25,000 டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது.

வாட்சன் என்ற உளவியலாளர் கைக்குழந்தை ஆல்பர்ட்டுக்கு வெள்ளை எலியைக் காட்டிப் பயம் உண்டாக்கியதும் இதே வகை. குழந்தை எப்போது ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் என்று முன்பே தெரியும். பயத்தைப் போக்காமலேயே அனுப்பினார்கள்.

31 அக்டோபர்

தீபாவளி. எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரமுடியவில்லை. பின்னூட்டங்களில் "ஐ.டி. கம்பெனிக்காரன் தினம் இப்படிக் கேட்காமலே சோதனை செய்கிறான்" என்று எழுதியவருக்கு வந்து பதில் சொல்கிறேன்.

2 நவம்பர்

அதற்கு முன் இது. தீபாவளி வாழ்த்துகளுக்கு நடுவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழுந்தது. ஒன்றுவிட்ட தங்கை மகள், எம்.எஸ்சி. சைக்காலஜி. "5 நிமிஷம்தான், ப்ளீஸ் எல்லாரும் ஃபில் பண்ணுங்க, உங்க ஃபிரண்ட்ஸுக்கும் அனுப்புங்க."

திறந்தேன். முதல் கட்டம் பெயர், சிவப்பு நட்சத்திரத்தோடு. அடுத்து மொபைல் எண், அதற்கும் நட்சத்திரம். "நான் விருப்பத்தோடு பங்கேற்கிறேன்" என்பதற்கு "ஆம்" என்ற ஒரே தெரிவு. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. பிறகு ஒன்பது கேள்வி. உடனே தெரிந்துவிட்டது, பி.எச்.க்யூ.-9, மனச்சோர்வு அளக்கும் கேள்வித்தாள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ, உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளவேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எண்ணம் வந்ததா என்பது. நான்கு தெரிவு. கடைசித் தெரிவு "கிட்டத்தட்ட தினமும்". அனுப்பினால் "உங்கள் பதில் பதிவாகிவிட்டது". அவ்வளவுதான்.

போன் போட்டேன்.

"ஒன்பதாவதுல ஒருத்தர் தினமும்னு டிக் அடிச்சா என்ன செய்வே கண்ணு?"

"ஸ்கோர் மூணு போடுவோம் பெரியம்மா."

"அது சரி, அந்த ஆளுக்கு?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "எரநூறு ரெஸ்பான்ஸ் வந்தப்புறம்தான் பெரியம்மா ஷீட்டையே தொறப்போம்."

நல்ல பிள்ளை. கைடு சொன்னதைச் செய்கிறாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நடுராத்திரியில் ஒருவர் யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார். பெயர் கொடுத்திருக்கிறார், எண் கொடுத்திருக்கிறார். யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அது எக்செல் ஷீட்டில் ஒரு கட்டத்தில் "3" என்று இரண்டு மாதம் கிடக்கும்.

இதைப் போன்ற ஒரு புரபோசல் எங்கள் கமிட்டிக்கு வந்தபோது பெரிய வாக்குவாதம். என் பழைய பல்லவி: பெயரை எடுங்கள். கூட இருந்த மனநல மருத்துவர், பெயரை எடுத்தால் ஆபத்தில் இருப்பவரை எப்படித் தேடுவீர்கள் என்றார். அவர் சொல்வதும் சரி. ரகசியம் காத்தால் உதவ முடியாது, உதவவேண்டுமானால் ரகசியம் முழுசாக நிற்காது. கடைசியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னோம். பெயரும் எண்ணும் வாங்கினால் தினமும் ஷீட்டைப் பார்க்கவேண்டும், இன்ன கவுன்சிலர் கூப்பிடுவார் என்று படிவத்திலேயே சொல்லவேண்டும். அது முடியாது என்றால் அடையாளம் எதுவும் வாங்காதே, இதை யாரும் உடனே பார்க்கமாட்டார்கள் என்று ஒன்பதாவது கேள்விக்கு மேலேயே எழுது, அதே பக்கத்தில் அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணைப் போடு. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, மருத்துவரே சொன்னது: உன் ஆய்வுக்கு ஒன்பதாவது கேள்வி தேவையே இல்லை என்றால் எட்டுக் கேள்வி வடிவம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்.

தங்கை மகள் எட்டுக்கு மாறிவிட்டாள். மொபைல் எண் நட்சத்திரம் மட்டும் இன்னும் இருந்தது, நேற்று மறுபடி போன் போட்டேன். என்னைக் குழுவிலிருந்து தூக்காமல் இருந்தால் சரி.

3 நவம்பர்

ஐ.டி. தம்பிக்கு. ஆமாம், செய்கிறார்கள். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு வாரம் 6,89,003 பேரின் பக்கத்தில் சந்தோஷமான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவதும் மாறுகிறதா என்று பார்த்தது. 2014 ஜூனில் கட்டுரை வெளிவந்தபோது கூச்சல். விளைவு கடுகளவு என்று சமாதானம் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஃபேஸ்புக்கில் கணக்கு தொடங்கும்போது விதிமுறைக்குச் சரி என்று டிக் அடித்தீர்களே, அதுவே ஒப்புதல் என்றார்கள் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த விதிமுறையில் "ஆய்வு" என்ற சொல்லே சோதனை முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் சேர்ந்தது. கட்டுரையை வெளியிட்ட இதழே பின்னால் கவலைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது.

அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்காவது, நீங்கள் இதில் இருந்தீர்கள் என்று தகவல் போனதா? மில்கிராமாவது தாமதமாகக் கடிதம் போட்டார்.

6 நவம்பர்

கேட்டவரின் நண்பருக்காக, நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். கேள்வித்தாள் ஆய்வுக்கு நான்கு மாதம் அக்கிரமம். முழுக் கமிட்டியும் கூடவேண்டிய ஆய்வு, ஓரிரு உறுப்பினர் பார்த்தால் போதும் என்ற விரைவுப் பரிசீலனை, விலக்கு என்று மூன்று வகை வைத்திருக்கிறார்கள். ஆபத்து குறைவான ஆய்வு என்றால் விரைவுப் பரிசீலனை கேட்டு முகப்புக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம் நெறிமுறை ஒன்றும் இல்லை, கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) சேராதது. ஐந்து பேர் வரவேண்டும், நான்கு பேர் வருவார்கள், டீயைக் குடித்துவிட்டுக் கலைவோம்.

கமிட்டி வந்ததால் பெரிய சோதனை செத்துவிட்டது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 2001 டிசம்பரில் ரைச்சர், ஹாஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள் பி.பி.சி.யோடு சேர்ந்து ஸ்டான்ஃபோர்டு மாதிரியே ஒரு சிறைச் சோதனை செய்தார்கள். வெளியிலிருந்து ஒரு நெறிமுறைக் குழு, தலைவராக ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், எந்த நிமிடமும் நிறுத்தும் அதிகாரம். நிலைமை மோசமாகும்போல் தெரிந்ததும் எட்டாம் நாளே முடித்துக்கொண்டார்கள். காவலர் வேடம் போட்டதும் எல்லாரும் கொடூரர்கள் ஆவதில்லை என்ற, ஜிம்பார்டோவுக்கு நேரெதிரான முடிவு அதிலிருந்துதான் வந்தது. ஆளை வதைக்காமல் விட்டதால் அறிவியல் ஒன்றும் நஷ்டப்படவில்லை.

6 நவம்பர், இரவு

தனி மடலில் எம்.எஸ்சி. மாணவி ஒருவர், பங்கேற்பாளருக்குக் காசு கொடுக்கலாமா, கொடுத்தால் எப்போது என்று கேட்டிருக்கிறார். பலருக்கும் உதவும் என்பதால் இங்கேயே.

பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும், ஒருநாள் கூலி போயிருந்தால் அதற்கு ஈடும் கொடுக்கலாம். ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குக் கூடாது. கொடுப்பதை வந்து உட்கார்ந்தவுடனே கையில் கொடுத்துவிடுங்கள். முடித்த பிறகு தருவேன் என்றால் பாதியில் எழ நினைப்பவர் எழமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் கைரேகை மட்டும் போதாது, உங்கள் ஆள் அல்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போடவேண்டும். உங்கள் கைடின் டிரைவர் சாட்சி ஆகமாட்டார். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு படிவம் எங்களுக்கு வந்தது.

முடிந்து போகும்போது ஒரு தாள் கொடுங்கள். என்ன பார்த்தீர்கள், ஏன், பிறகு மனசு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணில், எத்தனை மணிக்குள். அந்த எண்ணுக்கு ஒருமுறை நீங்களே போன் போட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.